குன்றுகளுக்கு நடுவே எழுதிய கடல்



மேற்கத்திய இசையைப் பற்றி இந்த இதழில் எப்போது எழுதினாலும், உங்களில் பலர் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பாட்டாக இருந்தால் வரிகளைப் பிடித்துக்கொண்டு போகலாம். கச்சேரியாக இருந்தால் ராகத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம். வார்த்தையும் இல்லாமல், தெரிந்த ராகமும் இல்லாமல் எண்பது தொண்ணூறு பேர் சேர்ந்து வாசிக்கும்போது எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? நியாயமான கேள்வி. பொதுப்படையாகப் பதில் சொன்னால் பிரயோஜனமில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஒரு படைப்பை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் கிளாட் டெபுஸி எழுதிய 'லா மேர்'. பெயருக்கு 'கடல்' என்று அர்த்தம், அவ்வளவுதான். 1905 அக்டோபர் 15 அன்று பாரிஸில் அரங்கேறியது. மூன்று பகுதிகள், எல்லாம் சேர்ந்து 25 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடலில் விடியலிலிருந்து நண்பகல் வரை என்பது முதல் பகுதி. அலைகளின் விளையாட்டு என்பது இரண்டாவது. காற்றும் கடலும் பேசிக்கொள்வது மூன்றாவது. சிம்பனி என்ற கனமான பெயரை டெபுஸி இதற்கு வைக்கவில்லை. ஓவியர்கள் கையேட்டில் சட்டென்று வரைந்து வைப்பார்களே, அந்தப் பொருளில் 'மூன்று சிம்பனிச் சித்திரங்கள்' என்றுதான் குறிப்பிட்டார்.

இதை அவர் எழுதத் தொடங்கிய இடம் கடற்கரை இல்லை. 1903ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பர்கண்டிப் பகுதியில், பிஷேன் என்ற சிற்றூரில், மனைவி வீட்டாரோடு தங்கியிருந்தபோதுதான் எழுதத் தொடங்கினார். சுற்றிலும் உள்நாட்டுக் கிராமப்புறம். கடல் வெகு தொலைவில். நண்பரும் இசை நடத்துநருமான ஆந்த்ரே மெசாஜேவுக்கு அங்கிருந்து எழுதிய கடிதத்தில் இதை அவரே குறிப்பிடுகிறார். தனக்குச் சிறுவயதில் மாலுமி வாழ்க்கைதான் விதிக்கப்பட்டிருந்தது, தற்செயலாகத்தான் வழி மாறியது என்கிறார். பர்கண்டிக் குன்றுகளின் அடிவாரத்தில் கடல் அலை மோதுவதில்லையே என்று நீங்கள் கேட்கலாம், ஆனால் என்னிடம் எண்ணில்லாத நினைவுகள் இருக்கின்றன, அவை நேரில் பார்ப்பதைவிட மேலானவை என்கிறார்.

டெபுஸியின் அப்பா கடற்படையின் காலாட்படையில் சிப்பாயாக இருந்தவர். பிறகு பீங்கான் கடை வைத்தவர். மகனைக் கப்பலுக்கு அனுப்பவேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. பையன் சிறுவயதில் கான் நகரில் அத்தை வீட்டில் தங்கி மத்தியதரைக் கடலைப் பார்த்திருக்கிறான். அந்தப் பையனுக்கு 41 வயதானபோது, மனதில் படிந்து கிடந்த அந்தக் கடல் இசையாக வெளியே வந்தது. எழுதி முடித்த பிறகு, 1905ஆம் ஆண்டின் கோடையில், இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் தங்கி அச்சுப்படியைத் திருத்தினார். எழுதத் தொடங்கியபோது கண்ணெதிரே கடல் இல்லை, பிழை திருத்தும்போது இருந்தது. இந்தப் படைப்பைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் பெரிய உதவி என்று நினைக்கிறேன். கண்முன் இருப்பதைப் பார்த்து எழுதுபவருக்கு அதைப் பிரதி எடுக்கத்தான் கை போகும். நினைவிலிருந்து எழுதுபவருக்குக் கடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் மிச்சமிருக்கும்.

இயற்கையின் சத்தத்தை வாத்தியத்தில் கொண்டுவருவது ஐரோப்பாவில் அதற்கு முன்பே பழகிப்போன விஷயம். பேத்தோவன் 1808இல் அரங்கேற்றிய ஆறாவது சிம்பனியில், ஓடைக்கரைப் பகுதியின் முடிவில், புல்லாங்குழல் நைட்டிங்கேலாகவும் ஓபோ காடையாகவும் கிளாரினெட் குயிலாகவும் கூவுகின்றன. எந்தப் பறவை என்று இசைப் பிரதியில் பெயரே எழுதி வைத்தார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 'டான் குயிக்ஸாட்' படைப்பில், துணியின்மேல் சக்கரத்தைச் சுழற்றிக் காற்றின் இரைச்சலை எழுப்பும் கருவியை மேடைக்கே கொண்டுவந்துவிட்டார். அது 1898இல் அரங்கேறியது. 'லா மேர்' எழுதும்போது டெபுஸி நினைத்திருந்தால் அந்தக் காற்றுக் கருவியை எடுத்து வைத்திருக்கலாம். மூன்றாவது பகுதியின் பெயரிலேயே காற்று இருக்கிறது. அவர் வைக்கவில்லை. வயலின், குழல், கொம்பு, இரண்டு ஹார்ப், சில தாளக் கருவிகள், இவற்றை வைத்தே முடித்தார்.

எப்படி முடித்தார் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம்.

முதல் பகுதியின் தொடக்கம் கேட்பதற்கே கஷ்டமாக இருக்கும், அவ்வளவு மெல்லியது. டபுள் பாஸ்கள் ஒரே ஸ்வரத்தை அடியில் பிடித்து நிற்கின்றன. டிம்பனி முரசு அதன்கீழ் லேசாக அதிர்கிறது. ஹார்ப் ஒன்றிரண்டு சொட்டுகள் வைக்கிறது. செல்லோக்கள் இரண்டே ஸ்வரத்தில் ஒரு சிறு அசைவாக மேலே ஏறி நின்றுவிடுகின்றன. இதுவரைக்கும் மெட்டு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பிறகு, மியூட் என்ற ஒலியடக்கி பொருத்திய டிரம்பெட்டும் இங்கிலீஷ் ஹார்னும் சேர்ந்து நீண்ட ஒரு வாக்கியத்தை வாசிக்கின்றன. வெண்கலக் குரல் ஒன்று, மரக்குழலின் குரல் ஒன்று. இரண்டும் ஒரே மெட்டை வாசிக்கும்போது எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது. இருட்டு விலகும் நேரத்தில் தூரத்தில் தெரிவது படகா, மேகமா என்று கண் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை டெபுஸி காதுக்கு உண்டாக்குகிறார். ஒளியைப் பற்றிய விஷயத்தை ஒலியின் நிறத்தில் சொல்லும் கலை இது. இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

பிறகு வேகம் கூடுகிறது. தந்தி வாத்தியங்கள் சின்னச் சின்ன அசைவுகளாக ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் புல்லாங்குழலும் கிளாரினெட்டும், அப்புறம் ஹார்ன்களும் வருகின்றன. கவனித்துக் கேட்டால் ஓர் அடுக்கு வேகமாக ஓடும், இன்னோர் அடுக்கு நிதானமாக நகரும், அடியில் ஒன்று அசையாமல் நிற்கும். கடலைச் சற்று நேரம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே சிற்றலை ஓடும், அதன்கீழே பெரிய அலை மெதுவாகப் புரண்டு வரும், எல்லாவற்றுக்கும் அடியில் ஆழம் சும்மா இருக்கும். மூன்று வேகமும் ஒரே நேரத்தில் ஓடுவதுதான் கடல். ஒற்றைக் குரலால் இதைச் சொல்லவே முடியாது. ஆர்கெஸ்ட்ரா என்ற அமைப்பு எதற்காக வேண்டியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பக்கங்களே போதும்.

முதல் பகுதியின் நடுவில் செல்லோக்களுக்கு ஓர் இடம் உண்டு. அங்கே இசைப் பிரதியில் டெபுஸி கேட்டிருப்பது 16 செல்லோக்கள். பெரும்பாலான ஆர்கெஸ்ட்ராக்களில் அத்தனை பேர் இருப்பதில்லை, இருப்பவர்களை வைத்துச் சமாளிப்பார்கள். அந்தப் பதினாறையும் நான்கு குழுவாகப் பிரித்து, எல்லோரும் சேர்ந்து எழும்பி இறங்கும்படி எழுதியிருக்கிறார். செல்லோவின் குரல் ஆண் குரலுக்கு நெருக்கமானது. பதினாறு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அந்தத் தனிக்குரல்கள் அழிந்து, ஏதோ ஓர் எடை எழும்பி நம்மை நோக்கி வருகிறது. ஹெட்போனில் கேட்கிறவர்கள் அந்த இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சூட்சுமம் ஸ்வரங்களில் இருக்கிறது. அக்கால ஐரோப்பிய இசையில் ஒரு முரண்பட்ட ஒலிச்சேர்க்கை வந்தால் அடுத்து அது அமைதியான ஒன்றில் போய் இறங்கியே ஆகவேண்டும். ஷட்ஜத்துக்கு வந்து சேராத ஸ்வரம் நம் காதை அலைய வைக்குமே, அந்த மாதிரி. டெபுஸி அந்தச் சேர்க்கையை இறக்காமல் அப்படியே மிதக்க விட்டார். சமமான ஆறு படிகள் கொண்ட ஸ்வர வரிசையை அடிக்கடி பயன்படுத்தினார். நம் கர்நாடக இசையில் கோப்ரியா ராகத்தின் ஸ்வரங்கள் அதேபோல் அமைந்தவை. எல்லாப் படியும் சமமாக இருப்பதால் எந்த ஸ்வரமும் வீடாகத் தோன்றாது. ஐந்து ஸ்வர வரிசையையும் நிறையவே கையாண்டார். நம் மோகனத்தின் ஸ்வரங்கள் அவை. ஸ்வரம் ஒன்றாக இருப்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. கமகம் இல்லை, பிடிகள் இல்லை. இருந்தாலும் பழகிய காதுக்கு ஏதோ ஒன்று கைகாட்டிக் கூப்பிடுவதுபோல இருக்கும். கூப்பிட்டால் தயங்காமல் போங்கள்.

இந்த ஸ்வர வரிசைகள்மேல் டெபுஸிக்கு இருந்த ஈடுபாட்டுக்குத் தூண்டுகோலாக இருந்தது 1889இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சி. அங்கே ஜாவாவிலிருந்து வந்திருந்த கமெலான் குழுவின் வாசிப்பை அவர் கேட்டார். வெண்கலத் தட்டுகளும் மணிகளும் பல அடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் வேறு வேகத்தில் ஒலிக்கும் இசை அது. மேலே சொன்ன மூன்று வேகக் கடலுக்கான விதை அங்கே விழுந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

கடலுக்கு முன்னால் அவர் மேகத்தை எழுதியிருந்தார். 'நாக்டர்ன்ஸ்' என்ற மூன்று படைப்புகளில் முதலாவது 'மேகங்கள்'. 1900 டிசம்பரில் அரங்கேறியது. மாறாத வானத்தில் மேகங்கள் மெதுவாக நகர்ந்து சாம்பல் நிறத்தில் கரைவதைப் பற்றிய இசை என்று அவரே குறிப்பு எழுதினார். இங்கிலீஷ் ஹார்னுக்கு அதில் ஒரு சின்ன வாக்கியம் உண்டு. சுற்றிலும் எல்லாம் மாறும்; அந்த வாக்கியம் மட்டும் அநேகமாக மாறவே மாறாது, வேறு வாத்தியத்துக்குக் கைமாறவும் மாறாது. அசைவைக் காட்ட அசையாத ஒன்றை நடுவில் நட்டுவைக்கும் உத்தி. 'லா மேர்' நீளமாகத் தோன்றினால் ஏழெட்டு நிமிடமே ஓடும் இந்த 'மேகங்க'ளிலிருந்து தொடங்கலாம்.

'லா மேர்' அரங்கேறிய அன்று பாரிஸ் அதை வாரி அணைத்துக்கொள்ளவில்லை. பியர் லாலோ என்ற பெயர்பெற்ற விமர்சகர், தனக்கு இதில் கடல் கேட்கவும் இல்லை, தெரியவும் இல்லை, அதன் வாசனை வரவும் இல்லை என்று எழுதினார். வேறு காரணங்களும் இருந்தன. அதற்கு முந்தைய வருடம் டெபுஸி மனைவி லில்லியை விட்டுவிட்டு எம்மா பார்தாக்கோடு போய்விட்டார். லில்லி தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். நண்பர்கள் பலர் டெபுஸியிடம் பேச்சை நிறுத்தினார்கள். அந்தக் கோபமும் அரங்கில் உட்கார்ந்திருந்தது. லில்லிக்கு நேர்ந்ததை இசையின் அழகைக் காட்டி மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. அந்த வருத்தத்தோடேயே இந்த இசையைக் கேட்கிறேன். 1908 ஜனவரியில் டெபுஸியே மேடையேறி 'லா மேர்' நடத்தியபோது வரவேற்பு மாறியது.

லாலோ சொன்ன குறையில் ஒரு நேர்மை இருக்கிறது. அவர் எதிர்பார்த்தது கடலின் படத்தை. அது இங்கே இல்லைதான். இம்ப்ரெஷனிசம் என்று ஓவியத்திலிருந்து எடுத்து இந்த இசைக்கு வைத்த பெயர், அந்த எதிர்பார்ப்பை இன்னும் வளர்த்துவிட்டது. டெபுஸிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. விவரம் இல்லாதவர்கள் வைத்த பெயர் என்று தன் பதிப்பாளருக்குச் சூடாகவே எழுதியிருக்கிறார். பெயர் நிலைத்துவிட்டது, நாமும் அதைத்தான் சொல்கிறோம். ஆனால் கேட்கும்போது படம் தேடவேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

இரண்டாவது பகுதியைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். ஒரு மெட்டு வரும், வளர்வதற்குள் உடையும், அதன் துணுக்கு ஒன்று வேறு வாத்தியத்தில் மின்னும், அதுவும் போய்விடும். சின்ன மணிகளும் முக்கோணக் கருவியும் ஹார்ப்பும் ஒளித் தெறிப்பாக வந்து மறையும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பிப் பழகிய நமக்கு முதல் தடவை கொஞ்சம் தவிப்பாகவே இருக்கும். கரையில் நின்று, வந்துபோன அலை அப்படியே மறுபடி வரவேண்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. இங்கேயும் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது பகுதி புயலோடு தொடங்குகிறது. அடியில் செல்லோவும் டபுள் பாஸும் உறுமுகின்றன. எல்லாம் கொந்தளித்து அடங்கிய பிறகு நடுவில் ஒரு வெட்டவெளி வரும். வயலின்கள் மிக உயரத்தில் ஒற்றை ஸ்வரத்தை மெல்லிய இழையாகப் பிடித்திருக்க, கீழே புல்லாங்குழலும் ஓபோவும் அமைதியாகப் பாடும். கடைசிப் பக்கங்களுக்காக டெபுஸி டிரம்பெட் முழக்கம் ஒன்றை எழுதியிருந்தார், 1909இல் வந்த திருத்திய பதிப்பில் அதை நீக்கிவிட்டார். இன்றைக்கும் சில இசை நடத்துநர்கள் அதைச் சேர்த்து வாசிக்கவைக்கிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். நீக்கியதே சரி என்பது என் கட்சி. அது இல்லாமல் கேட்கும்போதுதான் தண்ணீரும் காற்றும் மட்டும் மிஞ்சுகின்றன. அது வந்தால் மனிதர்கள் வந்துவிடுகிறார்கள்.

இயற்கையை இசையாக்கிய வேறு சிலரையும் சொல்லவேண்டும். மொரிஸ் ராவெல் எழுதி 1912இல் பாரிஸில் அரங்கேறிய 'டாஃப்னிஸும் குளோயேயும்' என்ற பாலேயில் ஒரு விடியல் வருகிறது. குழல்களும் கிளாரினெட்டுகளும் நீரோட்டமாக இடைவிடாமல் ஓட, அடியிலிருந்து ஒரு மெட்டு மெல்ல மெல்ல எழுந்து ஆர்கெஸ்ட்ரா முழுவதும் பரவும். நடுவில் பறவைகளும் கூவும். உச்சத்துக்கு வரும்போது அரங்கில் வெளிச்சம் கூடிவிட்டதோ என்று தோன்றும். இத்தாலியரான ரெஸ்பிகி 1924இல் அரங்கேறிய 'ரோமின் பைன் மரங்க'ளில் நேர் எதிர்வழி போனார். மூன்றாவது பகுதியின் முடிவில் நிஜ நைட்டிங்கேலின் குரலைக் கிராமபோன் தட்டில் ஒலிக்கவிடும்படி இசைப் பிரதியிலேயே எழுதிவிட்டார். அழகான இடம்தான். ஆனால் பறவை பாடும் நேரத்தில் நமக்கு வேலை இல்லை, கேட்டுக்கொண்டு இருந்தால் போதும். டெபுஸியிடம் கடலில் பாதியை நாம்தான் உண்டாக்க வேண்டியிருக்கிறது. என் ஓட்டு டெபுஸிக்கு.

'லா மேர்' இசைப் பிரதி அச்சில் வந்தபோது அட்டையில் ஒரு பெரிய அலை இருந்தது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் மரக்கட்டை அச்சில் வரைந்த புகழ்பெற்ற அலைதான் அது. டெபுஸியின் அறைச் சுவரிலும் அந்தப் படம் மாட்டியிருந்தது. 1910இல் அவரும் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படத்தில் அதைப் பார்க்கலாம். அட்டைக்கு எடுத்தபோது ஹொகுசாயின் படத்தில் இருந்த படகுகளையும் ஃபூஜி மலையையும் விட்டுவிட்டு, அலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கடன் பிறகு ஜப்பானுக்கே திரும்பியது. டெபுஸியைத் தன் குருவாக நினைத்த தோரு தகெமித்ஸு, 1991இல் எழுதிய 'கனவின் மேற்கோள்' என்ற படைப்பில் 'லா மேர்' இசையின் துண்டுகளை நேரடியாகவே எடுத்துக் கோத்தார்.

இனி கேள்விக்கு வருகிறேன். எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? இந்த இசையில் எதையும் பிடித்துக்கொள்ளாமல் கேட்கலாம் என்பதே என் பதில். ஒரு வாத்தியத்தின் குரல் இன்னொன்றோடு எப்படிக் கலக்கிறது, அடியில் எது நிற்கிறது, மேலே எது ஓடுகிறது, சத்தம் எங்கிருந்து வளர்ந்து எங்கே வடிகிறது. இவற்றை மட்டும் கவனித்தால் போதும். பழக்கம் இல்லை என்று தயங்கவேண்டாம். பல வருடங்களாக இளையராஜாவின் பின்னணி இசையில் வயலின் வரிசைகளையும் குழலையும் ஓபோவையும் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. அந்தக் காதுக்கு இது முற்றிலும் அந்நியம் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். தொடக்கத்தின் டபுள் பாஸும் முரசும் அதில் அறவே கேட்காது. கேட்காவிட்டால் கடலின் ஆழம் போய்விடும். நல்ல ஹெட்போன் இருந்தால் போதும். பியர் பூலேஸ் நடத்திய பதிவு, ஷார்ல் முன்ஷ் பாஸ்டன் சிம்பனியோடு செய்த பதிவு இரண்டும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. பூலேஸிடம் ஒவ்வோர் அடுக்கும் தெளிவாகத் தெரியும், முன்ஷிடம் காற்று பலமாக வீசும். முதல் தடவைக்கு முன்ஷ். 25 நிமிடத்தையும் நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள். மறுநாள் மறுபடி ஒரு முறை கேளுங்கள். எந்த இடத்தில் உங்களுக்குக் கடல் வந்தது, அல்லது வரவே இல்லை என்று எங்களுக்கு எழுதுங்கள். வரவில்லை என்று எழுதுகிறவர்களின் கடிதங்களையும் அடுத்த இதழில் அப்படியே வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்